கயிறு பிடித்த கைக்குப் பங்கு

மூன்று வருஷத்துக்கு முன், பொங்கல் முடிந்த வாரம் அது. பழவேற்காடு ஏரிக்கும் கடலுக்கும் நடுவே இருக்கிறது எங்கள் குப்பம். நான் ஐந்தாவது வரைதான் படித்தேன். எழுதிப் பழக்கமில்லை. நடந்ததை மட்டும் சொல்கிறேன்.

அதற்கு முன் ஆறு வருஷம் மலேசியாவில் ஓட்டல் சமையலறையில் வேலை செய்தேன். அங்கேயே ஒருவரைக் கட்டிக்கொண்டேன். தமிழர்தான். ஆனால் பிறந்தது அந்த ஊர், பாஸ்போர்ட்டும் அந்த ஊர். கப்பல் இன்ஜின் பழுது பார்ப்பவர். எனக்கு ஐந்து மாதம் ஆனபோது, பிள்ளை என் ஊரில் பிறக்கட்டும் என்று இருவரும் என் நைனா வீட்டுக்கு வந்தோம்.

அவரிடம் இருந்தது, வந்து பார்த்துவிட்டுப் போகிறவர்களுக்குக் கொடுக்கும் விசா. தங்கலாம், சாப்பிடலாம், வேலை செய்யக் கூடாது. மீஞ்சூர் பக்கம் ஒரு கம்பெனி அவரை எடுத்துக்கொள்ளத் தயாராக இருந்தது. ஆனால் வேலை விசாவை அவர் தன் ஊருக்குத் திரும்பிப் போய்த்தான் கேட்க வேண்டும் என்றார்கள். எப்போது கிடைக்கும் என்று யாரும் சொல்லவில்லை. கிடைக்கும் என்றும் சொல்லவில்லை.

போனால் பிள்ளை பிறக்கும்போது இருக்க மாட்டார். இருந்தால் கையைக் கட்டிக்கொண்டு இருக்க வேண்டும்.

நைனாவுக்கு இது ஒரு பேச்சாகவே தெரியவில்லை. "விசாவாவது கிசாவாவது. ஏரிக்கு இந்தாண்ட எவன் வந்து பாக்கப் போறான்? இங்க பத்து போட்டு இன்ஜினு மூச்சு வாங்கிக்கினு கெடக்குது. மாப்ள கை வெச்சா போதும்" என்றார். நான் மறுத்துப் பேசவில்லை. எனக்கும் என் வீட்டுக்காரர் கூடவே இருக்க வேண்டும் என்றுதான் இருந்தது.

எங்கள் ஊரில் கரைவலை இழுக்கும்போது ஒரு வழக்கம் உண்டு. கயிறு பிடித்த கைக்குப் பங்கு. வழியே போகிறவன் பிடித்தாலும் பங்கு. வேண்டாம் என்று சொல்லக் கூடாது. சொன்னால் வலையை அவமதித்த மாதிரி.

அன்று காலை வலை கனமாக வந்தது. ஆள் போதவில்லை. கரையில் நின்றுகொண்டிருந்த என் வீட்டுக்காரர் கயிற்றைப் பிடித்துவிட்டார். பேன்ட்டைச் சுருட்டிக்கொண்டு இன்னொருவரும் நின்றிருந்தார். ஊருக்குப் புதுசு. "இன்னா அண்ணாத்தே, வேடிக்க பாத்தா மீனு வருமா? வந்து புடி" என்று யாரோ கூப்பிட, அவரும் பிடித்தார். இரண்டு பேரும் பக்கத்துப் பக்கத்தில் நின்று இழுத்தார்கள்.

நிறைய மத்தி. பங்கு பிரித்தார்கள். "வேணாம் லா, சும்மாதானே பிடிச்சேன்" என்று மலேசியப் பேச்சிலேயே என் வீட்டுக்காரர் பின்வாங்கினார். பெண்கள் விடவில்லை. "மலேசியா மாப்ளைக்கு மத்தி எறங்காதாடி? கப்பல் மீனுதான் துன்னுவாரா?" என்று என்னைப் பார்த்துச் சிரித்தார்கள். எனக்கு வெட்கமாகிவிட்டது. நானே கூடையை நீட்டினேன். நிரப்பிக் கொடுத்தார்கள்.

புதுசாக வந்தவர் மட்டும் வாங்கவில்லை. "கோச்சிக்காதீங்க. நான் டூட்டில இருக்கேன். வாங்கக் கூடாது" என்றார்.

வெளிநாட்டுக்காரர் எங்கள் வீட்டில் தங்கியிருக்கிறார் என்று சட்டப்படி நான் எழுதிக் கொடுத்திருந்தேன். அதை விசாரிக்க வந்த போலீஸ்காரர் அவர்.

வீட்டுக்கு வந்தார். பின்னாலேயே பாதி ஊர் வந்தது. இவர் ஏதாவது வேலை செய்கிறாரா என்று கேட்டார். "வேலையா? அவரு சோத்துக்கே நாலு வாட்டி கூப்டாதான் எழுந்து வருவாரு சார்" என்றாள் பக்கத்து வீட்டு அக்கா. போலீஸ்காரர் சிரிக்கவில்லை. வாசலில் இருந்த கூடையைப் பார்த்தார். "இது யாரோடது?"

"என்துதான் சார்" என்றார் நைனா. அவர் அன்று கரைக்கே வரவில்லை.

"நீ சொல்லும்மா."

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நைனா கண்ணாலேயே வேண்டாம் என்றார். பங்கு என்றால் வேலை செய்து கூலி வாங்கியதாகிவிடும். ஆனால் கூடவே நின்று கயிறு பிடித்த மனிதரிடம் எப்படி இல்லையென்பது?

"அவர் பங்குதான் சார். கூடையை நீட்டினது நான்."

போலீஸ்காரர் நோட்டைத் திறந்தார். பிறகு சொன்னார். "ஊர் வழக்கத்துக்கு ஒருநாள் புடிச்சாரு, மீனு குடுத்தாங்கனு அப்டியே எழுதறேன். மேல இன்னா சொல்வாங்கனு தெரியாது. ஆனா ஒண்ணும்மா, அவரு நாளைக்கும் புடிப்பாரு. பக்கத்துல நின்னு பாத்தேன். அது விருந்தாளி கை இல்ல."

தண்ணீர் மட்டும் வாங்கிக் குடித்துவிட்டுப் போய்விட்டார்.

அவர் எழுதியதால் தொந்தரவு எதுவும் வரவில்லை. ஆனாலும் அந்தப் பேச்சு என்னை விடவில்லை. "குழந்தை பிறக்கிற வரைக்கும் சும்மா உட்கார்ந்திருக்கேன், போதும்லா" என்றார் இவர். உட்கார்ந்தார். பத்து நாள். பதினோராம் நாள் காலையில் ஒருவர் போட்டு இன்ஜினை எங்கள் வாசலில் கொண்டுவந்து வைத்துவிட்டு, ஸ்டார்ட் ஆகாமல் இழுத்துக்கொண்டிருந்தார். இவர் அதன் பக்கத்தில் குந்தி, காதை மட்டும் கொடுத்துக்கொண்டிருந்தார். இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கோத்திருந்தார். விரல் வெளுத்துப் போகும் அளவுக்கு இறுக்கி.

அதைப் பார்த்ததும் முடிவு செய்துவிட்டேன். இன்ஜினை எடுத்துப் போகச் சொன்னேன். இவரிடம், "கெளம்புங்க" என்றேன்.

"குழந்தை?"

"அதுக்கு நீங்க கயிறு இழுக்க வாணாம். நான் பெத்துக்குவேன். இன்னிக்கு நீங்களா போனா திரும்பி வருவீங்க. புடிச்சி அனுப்புனா வரவே முடியாது."

அவர் வாதாடவில்லை. நைனா வாதாடினார். "வயித்துல புள்ளய வெச்சிக்கினு புருசன தொரத்துறியே" என்றார். இவரை விமானம் ஏற்றிவிட்டு வந்த பிறகு நைனா பத்து நாள் என்னோடு பேசவில்லை. ஊரும் பேசியது. நான் ஏரியில் இறங்கி இறால் பிடிக்கவில்லை என்பதைத் தவிர, மற்ற வேலையெல்லாம் செய்தேன்.

வைகாசியில் பொன்னேரி ஆஸ்பத்திரியில் பெண் பிறந்தாள். அவர் போனில் பார்த்தார். அழுதார். முதல் தடவை ஏதோ காகிதம் குறைகிறது என்று விசாவைத் திருப்பிவிட்டார்கள். மறுபடி எழுதிப் போட்டார். வந்து சேர்ந்தபோது பிள்ளைக்குப் பதினோரு மாதம். யாரோ என்று அவரைப் பார்த்து வீறிட்டாள்.

இப்போது அவர் தினமும் மீஞ்சூர் போய் வருகிறார். அந்த விசா அந்தக் கம்பெனிக்கு மட்டும்தான். அதனால் இன்றும் ஊர் வலையைத் தொடுவதில்லை. ஞாயிற்றுக்கிழமை கரையில் நிற்பார், அதே மாதிரி கையைப் பின்னால் கோத்துக்கொண்டு. இறுக்காமல்.

போன மாதம் அப்படி நிற்கும்போது மகள் ஓடிப்போய்க் கயிற்றின் வாலைப் பிடித்துக்கொண்டாள். நைனா சிரித்தார். யாரும் விலக்கவில்லை. வலை கரை ஏறியதும் அவள் கையிலும் இரண்டு மத்தி வைத்தார்கள். ஓடிவந்து, "என்து" என்று எல்லோரிடமும் காட்டினாள்.

அந்த இரண்டு மீனையும் கழுவும்போது நினைத்துக்கொண்டேன், யாருடையது என்று யார் வந்து கேட்டாலும் இனி இந்த வீட்டில் ஒருவரும் அன்று நைனா செய்த மாதிரி கண்ணைக் காட்ட வேண்டியதில்லை.