லொறிக்கு முன்னால் ஏழு யானைகள்

இப்போதெல்லாம் ஒரு கணினி விளையாட்டு வெளிவரத் தாமதமானாலோ, முதலில் சொன்ன கதையை மாற்றிவிட்டார்கள் என்று தெரியவந்தாலோ, இணையத்தில் பெரிய சண்டையே நடக்கிறது. என் மகன் அதில் ஒரு தளபதி. "கதையக் கெடுத்துட்டாங்கம்மா" என்று சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து குமுறுகிறான். நான் அவனைக் கண்டிப்பதில்லை. பத்து வயதில் நானும் அதே சண்டையைப் போட்டவள்தான். எங்களுக்கு இணையம் தேவைப்படவில்லை. விளையாட்டைச் செய்தவர் எங்கள் வீட்டு முன்னறையிலேயே இருந்தார்.

அவர் என் மாமா, அம்மாவின் தம்பி. மாத்தளை டவுனில் ஒரு கம்பியூட்டர் வகுப்பில் படித்து, அங்கேயே சின்னப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கவும் தொடங்கியிருந்தார். வகுப்பில் பழுதென்று ஒதுக்கியதையெல்லாம் பையில் போட்டுக்கொண்டு வருவார். அப்படி உறுப்பு உறுப்பாக வந்து சேர்ந்த ஒரு கம்பியூட்டர், பலாபத்வலையில் இருந்த எங்கள் வீட்டில், அம்மாவின் தையல் மெஷினுக்குப் பக்கத்தில் குடியிருந்தது. அதற்கு மூடி கிடையாது. உள்ளே விசிறி சுற்றுவதை நேராகவே பார்க்கலாம். அம்மாவின் நூல் ஒருமுறை அதில் சுற்றிக்கொண்டு, இரண்டு நாள் அக்காவும் தம்பியும் பேசாமல் இருந்தார்கள்.

மாமா என்ற சொல்லைப் பற்றி இங்கே ஒன்று சொல்லிவிட வேண்டும். சிங்களத்திலும் மாமா என்றால் மாமாதான். ஆனால் இழுக்காமல் ‘மம’ என்று சொன்னால் ‘நான்’ என்று பொருள். அண்ணன் பள்ளிக்கூடத்தில் மாமாவைப் பற்றிச் சிங்களத்தில் எழுதிய கட்டுரையில், துணைக்கால் போட வேண்டிய இடத்திலெல்லாம் போடாமல் விட்டுவிட்டான். "ஒனக்கு இப்பவே மீசை இருக்கா? கம்பியூட்டர் கிளாஸ்ல படிச்சுக் குடுக்குறியா?" என்று டீச்சர் கேட்டாராம். அந்தக் கதை எங்கள் வீட்டில் ஒரு வருடம் ஓடியது.

மாமா செய்துகொண்டிருந்த விளையாட்டுக்குப் பெயர் ‘தம்புள்ளை லொறி’. அப்பா ஓட்டிய மரக்கறி லொறிதான் அதன் கதாநாயகன். மாத்தளையில் போஞ்சி, கோவா, தக்காளி ஏற்றிக்கொண்டு, பலாபத்வல, நாலந்தா எல்லாம் தாண்டி, தக்காளி அழுகுவதற்குள் தம்புள்ளைச் சந்தைக்குப் போய்ச் சேர வேண்டும். வழியில் ஏழு சோதனைச்சாவடிகள். ஒவ்வொன்றிலும் லொறியை நிறுத்தி, மூட்டைகளை எல்லாம் இறக்கிக் காட்டி, மறுபடி ஏற்ற வேண்டும். பொறுமையில்லாமல் ஹோர்ன் அடித்தால் ஓர் உயிர் போய்விடும். திரையின் மூலையில் ஒரு தக்காளி மெல்ல மெல்லக் கறுத்துக்கொண்டே வரும்.

அது போர் நடந்துகொண்டிருந்த காலம். நாங்கள் பிறந்ததிலிருந்தே வீதி என்றால் அப்படித்தான் இருந்தது. ஆகவே எங்களுக்கு அந்தச் சாவடிகளில் பயங்கரம் எதுவும் தெரியவில்லை. அவைதான் விளையாட்டின் ருசி. எங்கே எத்தனை ஆமிக்காரர், எங்கே மண்மூட்டை வலது பக்கம், எங்கே இடது பக்கம் என்பதையெல்லாம் அப்பா சொல்லச் சொல்ல மாமா ஒரு துண்டுத் தாளில் எழுதி வைத்துக்கொள்வார். "நாலந்தாவுல அஞ்சு பேரு, விடிய நேரம் மூணு பேருதான்" என்று அப்பா சோறு பிசைந்தபடி சொல்லுவார். உண்மைக்கு இவ்வளவு மரியாதை கொடுத்த ஒரு விளையாட்டை நான் இன்றுவரை பார்க்கவில்லை.

ஆனால் லொறி லேசில் கிளம்பவில்லை. தீபாவளிக்கு வரும் என்றார் மாமா. இடி விழுந்து கம்பியூட்டரின் பாதி உயிர் போனது. டிசம்பரில் நத்தாருக்கு என்றார். எவனோ கொண்டுவந்த சீடியில் வைரஸ் வந்து லொறியின் சக்கரங்களைத் தின்றுவிட்டது. தைப்பொங்கலுக்கு என்றார். கரண்ட் போய், சேமிக்காத ஒரு வார வேலையும் கூடவே போனது. "ஒன் லொறி தம்புள்ள போய்ச் சேர்றதுக்குள்ள இவளுக்குக் கலியாணமே முடிஞ்சிரும்" என்று அம்மா என்னைக் காட்டிச் சொன்னாள். ரசிகர்களாகிய நாங்கள் மூன்று பேர் மட்டும் நம்பிக்கை இழக்கவில்லை. நான், அண்ணன், என் வகுப்புத் தோழி. அவளுடைய வாப்பா சனிக்கிழமைகளில் எங்கள் பக்கம் மிளகு வாங்க வருவார். போகும்போது அவளை எங்கள் வீட்டில் இறக்கிவிட்டுப் போவார்.

தைப்பொங்கல் முடிந்த வாரம் மாமா இரண்டு நாள் வீட்டுக்கு வரவில்லை. கம்பியூட்டருக்குச் சாமான் வாங்கக் கண்டிக்குப் போயிருக்கிறார் என்று அம்மா சொன்னாள். நான் நம்பினேன். உண்மையில் டவுனில் வைத்து அவரைப் பிடித்திருந்தார்கள். அவர் சட்டைப் பையில் அப்பா சொன்ன விவரங்கள் எழுதிய அந்தத் துண்டுத் தாள் இருந்தது. எந்தச் சாவடியில் எத்தனை பேர், எத்தனை மணிக்கு என்று எழுதிய தாள், ஒரு தமிழ் இளைஞனின் பையில். அந்த நாட்களில் அதைவிடக் குறைந்த காரணத்துக்காகப் போனவர்கள் திரும்பி வரவில்லை. வகுப்பு நடத்திய சிங்கள ஆசிரியர், மாமாவின் சேர், நேரில் போய், இது பிள்ளைகளின் விளையாட்டு என்று திரும்பத் திரும்பச் சொல்லி மாமாவை மீட்டு வந்திருக்கிறார். இன்னொரு தடவை இப்படி ஒரு தாள் கிடைத்தால் சேர் வந்தாலும் விடமாட்டோம் என்று சொல்லித்தான் அனுப்பினார்களாம். இதெல்லாம் அம்மா எனக்குச் சொன்னபோது எனக்கு இருபது வயது.

அன்று எனக்குத் தெரிந்ததெல்லாம், மாமா வெறுங்கையோடு வந்து, சாப்பிடாமல்கூடக் கம்பியூட்டர் முன்னால் உட்கார்ந்து, ஏழு சாவடிகளையும் அழித்தார் என்பதுதான். மறுநாள் மத்தியானம் எங்களைக் கூப்பிட்டுக் காட்டினார். லொறி புறப்பட்டது. நாலந்தா வந்தது. சாவடி இருந்த இடத்தில் ஒரு யானை நின்றது.

"இது என்னா மாமா?"

"யானை ரோட்டக் கடக்குது. அது போற வரைக்கும் லொறி நிக்கணும். ஹோர்ன் அடிச்சா கோவம் வந்துரும்."

"செக்பொயின்ட் எங்க?"

"அது பழைய கதை."

பழைய கதையாம்! மூன்று மாதம் காத்திருந்த எங்களிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. எனக்கு அழுகையே வந்துவிட்டது. அந்தச் சனிக்கிழமை ரசிகர் கூட்டம் கூடியது. அண்ணன் முதல் பார்வையிலேயே கட்சி மாறியிருந்தான். "யானைக்குத் தும்பிக்கை ஆடுது பாரு. செக்பொயின்ட்ல என்னா ஆடுது?" என்று கேட்டான்.

"யானைக்கு ஐடென்டிகாட் காட்ட ஏலுமா? கேமே பிழ" என்றாள் என் தோழி. அவள் என் பக்கம்.

நான் என் பெரிய வாதத்தை எடுத்து வைத்தேன். "யானை ரெண்டு நிமிசத்துல கடந்துரும். பொறகு தக்காளி எப்புடி அழுகும்?"

மாமா திரையின் மூலையில் இருந்த தக்காளியைப் பார்த்தார். "அப்ப யானை மெதுவா நடக்கட்டும்" என்றார்.

வாக்கெடுப்பு வைத்தோம். அதுவரை அந்தத் திரையை ஏறெடுத்தும் பார்க்காத அம்மா, தையல் மெஷினிலிருந்து எழுந்து வந்து முதல் ஆளாகக் கையைத் தூக்கினாள். "யானையே இருக்கட்டும்" என்றாள். கதை தெரியாதவர்களுக்கு ஓட்டு இல்லை என்று நான் கத்தியது எடுபடவில்லை. இரண்டுக்கு இரண்டு. அப்பாவைக் கேட்டோம். "நான் டிரைவரு. முன்னால எது நின்னாலும் நான் நிப்பாட்டத்தான் வேணும். எனக்கு ஓட்டு வேணாம்" என்று நழுவிவிட்டார்.

மாமா அழித்துவிட்டால் என்ன, எனக்கு எல்லாம் மனப்பாடம். மறப்பதற்குள் பழைய கதையை வரைந்து வைத்துவிட வேண்டும் என்று முடிவு செய்தேன். ஒரு பெரிய டிமை தாளில் வீதியை வரைந்தேன். ஊர்களை எழுதினேன். ஏழு இடத்தில் சிவப்புப் பெட்டி போட்டு, பெட்டிக்குள் துப்பாக்கியோடு குச்சி மனிதர்களை நிறுத்தி, ஐந்து, மூன்று, ஆறு என்று எண்ணிக்கையும் எழுதினேன். என் தோழியிடம் கொடுத்து நிறம் தீட்டச் சொல்ல வேண்டும் என்று எண்ணி, நான்காக மடித்துப் புத்தகப் பைக்குள் வைத்துக்கொண்டு திங்கட்கிழமை காலை பஸ் ஏறினேன். அண்ணனுக்கு அன்று காய்ச்சல். நான் தனியாகத்தான் போனேன்.

டவுனுக்குள் நுழையும் முன் சாவடியில் வழக்கம்போல எல்லோரையும் இறக்கினார்கள். பள்ளிக்கூடப் பிள்ளைகளைப் பெரும்பாலும் பார்க்காமலே விடுவார்கள். அன்று பைகளைத் திறக்கச் சொன்னார்கள். என் பையைத் திறந்த ஆமிக்காரருக்கு மீசைகூடச் சரியாக முளைக்கவில்லை. கன்னமெல்லாம் பரு. சாப்பாட்டுப் பெட்டியை நகர்த்தி, அந்தத் தாளை எடுத்து விரித்தார்.

அவருக்குத் தமிழ் வாசிக்கத் தெரியாமல் இருந்திருக்கலாம். அந்தப் படத்துக்குத் தமிழ் தேவையில்லை. அவர் முகம் வெளுத்துப்போனது. சற்றுத் தள்ளிப் தார்ப்பாய்ப் படங்குக் கூரையின் கீழ் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்த பெரியவரை ஒருமுறை திரும்பிப் பார்த்தார். பிறகு குனிந்து, இது என்ன என்று சிங்களத்தில் மெதுவாகக் கேட்டார்.

கேம் என்றேன். லொறி, தக்காளி, ஹோர்ன், சாவடிக்குப் பதிலாக வந்த யானை எல்லாவற்றையும் எனக்குத் தெரிந்த சிங்களத்தில் ஆர்வத்தோடு விளக்கினேன். என் கட்சிக்கு ஒரு புது ஆள் கிடைக்கப்போகிறார் என்ற நினைப்பு எனக்கு.

யார் இதைச் செய்தது என்று கேட்டார்.

"மாமா" என்றேன், பெருமையோடு.

அவர் என்னைப் பார்த்தார். அப்புறம், "மம?" என்றார். ‘நான்’ என்றா சொல்கிறாய், நீயா செய்தாய் என்று கேட்கிறார்.

"இல்ல, மா... மா..." என்று நன்றாக இழுத்துச் சொன்னேன். சிங்களத்தில் துணைக்கால் விடாத பிள்ளை நான்.

"ஹரி ஹரி. மம" என்று, சரி சரி என்பதுபோல, அவர் முடித்துவிட்டார். என்னை மேற்கொண்டு வாய் திறக்க விடவில்லை. என் பென்சில் பெட்டியைத் தானே திறந்து கறுப்புப் பேனாவை எடுத்தார். தாளை மண்மூட்டையின் மேல் வைத்து, ஒவ்வொரு சிவப்புப் பெட்டியையும் சுற்றி வளைத்து உடம்பாக்கி, நாலு கால் போட்டு, காது போட்டு, தும்பிக்கையும் போட்டார். குச்சி மனிதர்கள் யானை வயிற்றுக்குள் மறைந்துபோனார்கள். எண்களின் மேல் வாழைமரம் முளைத்தது. ஏழாவது யானையை அவர் வரைந்துகொண்டிருந்தபோது, பெரியவர் நாற்காலியை விட்டு எழுந்து வந்து எட்டிப் பார்த்தார். சின்னவர் விறைப்பாக நின்று, யானைப் படம் சேர், பிள்ளை வரைந்தது என்றார். பெரியவர் என் தலையில் லேசாகத் தட்டிவிட்டுப் போனார்.

அந்தச் சின்னவர் தாளை மடித்து என் கையில் கொடுத்தார். இனி யானை மட்டும் வரை என்றார். வேறு யார் அந்த இடத்தில் நின்றிருந்தாலும் அந்தத் தாளை மேலே கொடுத்திருப்பார்கள். கொடுக்காததற்கு அவரையே பிடித்திருக்கலாம். அவர் பெயர் எனக்குத் தெரியாது. அந்தப் போர் முடியும்போது அவர் எங்கே இருந்தார், இருந்தாரா என்பதும் தெரியாது. நன்றி சொல்ல முகவரி இல்லாதவர்களுக்குத்தான் நாம் அதிகம் கடன்பட்டிருக்கிறோம் போலும்.

மாலையில் தாளைக் கொண்டுவந்து மாமாவின் முன்னால் எறிந்தேன்.

"இந்தா, மூணுக்கு ரெண்டு. ஆமிக்காரரும் ஒங்க யானைக் கட்சிதான்."

மாமா தாளை விரித்தார். யானைக்கு அடியில் சிவப்புக் கோடுகள் தெரிந்தன. "அவரு ஒன்ன என்னா கேட்டாரு?" என்றார். நடந்ததை ஒன்று விடாமல் சொன்னேன், துணைக்கால் சண்டை உட்பட. மாமா எழுந்து கிணற்றடிக்குப் போனார். முகம் கழுவப் போனவர் திரும்பி வர அரை மணி நேரமானது. அம்மா என்னை இழுத்து மடியில் வைத்துக்கொண்டு தலையைக் கோதிக்கொண்டிருந்தாள். தோற்றுப்போன எனக்கு ஆறுதல் சொல்கிறாள் என்று எண்ணிக்கொண்டேன்.

சித்திரைப் புத்தாண்டுக்கு ‘தம்புள்ளை லொறி’ ஒருவழியாக வெளிவந்தது. தாம் வரைந்த அழகான யானைகளை மாமா தூக்கிவிட்டு, அந்தக் கோணல் யானைகள் ஏழையும் அப்படியே கம்பியூட்டரில் வரைந்து வைத்திருந்தார். தும்பிக்கை தரையில் இழுபட, அவை ஆற அமர வீதியைக் கடக்கும். மாமாவுக்கு இப்போது தலை வழுக்கை. இரண்டு பிள்ளைகள். கண்டியில் கம்பியூட்டர்தான் படிப்பிக்கிறார். அந்தத் தாள் இன்னும் அவருடைய அலுமாரியில் இருக்கிறது.

ஆமிக்காரர் யானை வரைந்த அந்த வாரம் வெள்ளிக்கிழமை அம்மா என்னைக் கோவிலுக்குக் கூட்டிப்போய் ஒன்றுக்கு இரண்டாகத் தேங்காய் உடைத்தாள். நல்லா வேண்டிக்கோ என்றாள். என்ன வேண்டுவது என்று யோசித்தேன். மாமா, மம என்ற வித்தியாசம் எங்கள் வகுப்பில் கடைசி வாங்கில் உட்காரும் பிள்ளைக்குக்கூடக் கேட்கும். சிங்களத்திலேயே பிறந்து வளர்ந்த அவருக்குக் கேட்கவில்லை. பாவம், இந்த வயதிலேயே இப்படி. அந்த ஆமிக்காரருக்குச் சீக்கிரம் காது நன்றாகக் கேட்க வேண்டும் என்று கண்ணை இறுக மூடி வேண்டிக்கொண்டேன்.