கிணற்றில் கரைத்த புளி

அத்தைக்குப் பரிசம் போடத் திருமழபாடியிலிருந்து வருவதாக இருந்தார்கள். அதற்கு இரண்டு நாள் முன்னால் சுகாதார இன்ஸ்பெக்டர் எங்கள் வாசலில் சைக்கிளை நிறுத்தினார். பக்கத்து ஊரில் வாந்திபேதியாம். ஒரு வாளித் தண்ணீரில் கறுப்பு மருந்து மணிகளைக் கரைத்து எங்கள் கிணற்றில் ஊற்றினார். தண்ணீர் கத்தரிப்பூ நிறத்தில் சிவந்தது. "நாளைக்குக் காலைல வந்து பாப்பேன். நெறம் அப்படியே நிக்கணும்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

அப்பா இடிந்துபோனார். கிணறு சிவந்த வீடு என்றால் நோய் கண்ட வீடு என்று பேசுகிற காலம். அத்தைக்கு ஏற்கெனவே இரண்டு வரன் தட்டிப்போயிருந்தது. இவர்களும் வண்டியைத் திருப்பிக்கொண்டு போய்விட்டால்?

வழி கண்டுபிடித்தவன் நான். வயது எட்டு. அம்மா அந்தத் தண்ணீரில் ரசத்துக்குப் புளி கரைத்தபோது, ஐம்பது எண்ணுவதற்குள் சிவப்பு போய்விட்டது. ஓடிப்போய் மாமாவிடம் சொன்னேன். "மருமவனே, நீ மந்திரிடா!" என்றார். பொழுது சாய்வதற்குள் பானைப் புளி முழுவதையும் கரைத்து ஊற்றினோம், பதினான்கு வாளி. விடிந்தபோது கிணற்றில் லேசான பழுப்பைத் தவிர நிறமே இல்லை.

இன்ஸ்பெக்டர் எட்டிப் பார்த்துத் திடுக்கிட்டார். "ஒரே ராத்திரியில அத்தனை மருந்தையும் தின்னுடுச்சே! எவ்வளவு அழுக்குங்க உங்க கெணத்துல!" என்று மூன்று மடங்கு போட்டார். கிணறு நாவற்பழச் சாறானது. வீட்டில் ஒரு சுளை புளிகூட மிச்சமில்லை.

மறுநாள் மூன்று வண்டிகளில் இருபத்திரண்டு பேர் இறங்கினார்கள். கால் கழுவத் தண்ணீர் கேட்டார்கள். அப்பா நகரவில்லை. மாமாதான் செம்பில் கிணற்றுத் தண்ணீரை மொண்டு வந்து சம்பந்தியின் முகத்துக்கு நேரே மூன்று சுற்றுச் சுற்றினார்.

"சம்பந்தி வந்தா நாங்க தட்டுல ஆலாத்தி கரைக்கிறதில்லீங்க. கெணத்துலயே கரைச்சிடுவோம்."

அவர் செம்புக்குள் பார்த்தார். பிறகு தன் வேட்டி மடிப்பை விரித்துக் காட்டினார். வெள்ளை வேட்டியின் உள்மடிப்பு முழுக்கப் பழுப்புக் கறை. "எங்க வூட்லயும் நாலு நாளா இதே ஆலாத்திதாங்க, அதுல தொவைச்ச வேட்டி இது! நீங்க பாத்துட்டுப் பொண்ணு இல்லைன்னுடுவீங்களோன்னு வழியெல்லாம் வேட்டிய மடிச்சுப் பிடிச்சுக்கிட்டே வந்தேன்."

முதலில் சிரித்தது உள்ளேயிருந்த அத்தை. பிறகு இரண்டு வீடும் சிரித்து ஓயக் கால் மணி நேரம் ஆயிற்று. புளியில்லாத குழம்பை இருபத்திரண்டு பேரும் இரண்டாம் முறை கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்கள். பரிசம் நடந்தது.

சிவப்புதான் நோய், அதை நான் அழித்துவிட்டேன் என்று ரொம்ப நாள் பெருமைப்பட்டுக்கொண்டிருந்தேன். கிருமியைத் தின்ன வேண்டிய மருந்து என் புளியைத் தின்று தீர்ந்துபோனது என்பது கல்லூரியில் ரசாயனம் படித்தபோதுதான் புரிந்தது. கிணறு தெளிந்த அந்தக் காலை, இன்ஸ்பெக்டர் வருவதற்குள், வீட்டில் ஒன்பது பேரும் ஆளுக்கு இரண்டு செம்பு நிம்மதியாகக் குடித்திருந்தோம். அந்தப் பதினெட்டுச் செம்பை நினைத்து, இப்போதும் தெளிந்த தண்ணீரையும் கொதிக்கவைத்துத்தான் குடிக்கிறேன்.