கறுப்பு தடவாத கார்டு

1942 ஜூன் மாதம், ஒரு வியாழக்கிழமை, கடலூர் முதுநகரிலிருந்து சிதம்பரம் போனேன். ரங்கூன் மர டிப்போவில் வேலை பார்த்த என் மகன் சாமுவேல், அங்கே குண்டு விழுந்ததும் நடந்தே ஊருக்குக் கிளம்பியவன். ஐந்து மாதமாகத் தகவல் இல்லை. அவனோடு நடந்த சிநேகிதன் நடேசன் சிதம்பரம் வந்து சேர்ந்து, "நேரில் வரவும்" என்று கார்டு போட்டிருந்தான். சாவுச் செய்தி என்றால் கார்டின் மூலையில் கறுப்பு மை தடவுவார்கள். இதில் இல்லை. அது போதாதா? என் மனைவி எஸ்தர் ஞாயிறன்றே வேதக்கோயிலில் ஸ்தோத்திரக் காணிக்கை படைத்துவிட்டாள். நானும் சபைக்கு முன் எழுந்து நின்று, கர்த்தர் என் பிள்ளையைக் காப்பாற்றினார் என்று சாட்சி சொன்னேன், மடையன்.

ஜங்ஷனில் காலை 7.20 வண்டி. பட்டாளத்து ரயிலுக்கு வழிவிட்டு நாற்பது நிமிஷம் தாமதம். தூரம் இருபத்து நாலு மைல், மூன்றாம் வகுப்பு எட்டணா. பரங்கிப்பேட்டை வரை நிற்க வேண்டியதுதான். பிறகு இடம் கிடைக்கும். ஸ்டேஷனிலிருந்து நடேசன் வீடு இருக்கும் கீழவீதிக்கு ஜட்கா இரண்டணா.

"கோயிலுக்கா சாமி?" என்றார் வண்டிக்காரர்.

"இல்லப்பா, புள்ளைய அழைச்சிகிட்டு போவ வந்தேன்" என்றேன்.

நடேசன் எலும்பும் தோலுமாக வாசலுக்கு வந்தான். என் கையைப் பிடித்தவன் விடவே இல்லை.

"அசாம் மலையில அவனுக்குக் காய்ச்சல் மாமா. ரெண்டு பேருக்கும் ஒரு பிடி அரிசிதான் மிச்சம். கஞ்சி வெச்சி எனக்கே ஊத்திட்டான். 'கர்த்தர் எனக்குக் குடுப்பாரு, நீ குடி'ன்னான். விடியகாலைல எழுப்புனேன். எழுந்திரிக்கல."

"கார்டுல கறுப்பு இல்லியேப்பா" என்றேன்.

"எனக்குக் கஞ்சி ஊத்துனவன் மாமா. அவனுக்குக் கறுப்பு தடவ கை வரல. நேர்ல சொல்லிக்கலாம்னு இருந்துட்டேன்."

கர்த்தர் கொடுப்பார் என்று அவனுக்குச் சொல்லிக்கொடுத்தவன் நான்தான். சோற்றுத் தட்டின் முன் உட்காரவைத்து, கண்ணை மூடச் சொல்லி, வேளாவேளைக்குச் சொல்லிக்கொடுத்தேன். பிள்ளை அப்படியே நம்பிவிட்டான். நடேசனுக்குக் கொடுத்த தேவன் என் பிள்ளையை ஏன் மறந்தார்? இன்னும் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறேன்.

பர்மாவிலிருந்து வந்தவர்களிடம் ஆளை விசாரிக்கப் போகிறவர்கள் தனியாகப் போகாதீர்கள். கார்டைப் பார்த்துக் காணிக்கை வைக்காதீர்கள். திரும்ப 4.10 வண்டி இருக்கிறது. கூட்டம் இருக்காது, அழலாம்.

வீட்டுக்கு வந்து எஸ்தரிடம் சொன்னேன். சுவரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். பிறகு கேட்டாள்.

"கடைசியா சாப்புட்டானா?"

"சாப்புட்டான்" என்றேன். "கர்த்தர் குடுத்தாராம்."