பக்கத்துக் காம்பராவுக்கு வந்தவர்கள்

என் காம்பராவுக்கும் பக்கத்துக் காம்பராவுக்கும் நடுவில் ஒரே சுவர். தேயிலைத் தோட்டத்து ஆட்கள் குடியிருக்க வரிசையாக அறை அறையாகக் கட்டிவிட்ட லயத்தில் சுவர் கூரை வரை போகாது. மேலே ஒரு முழம் திறந்தே இருக்கும். அந்தப் பக்கம் தும்மினால் இந்தப் பக்கம் கேட்கும். அங்கே கருவாடு பொரித்தால் இங்கே வெறும் சோறு இறங்கும்.

பக்கத்தில் இருந்தவனை நான் மச்சான் என்றுதான் கூப்பிடுவேன். இரத்தச் சொந்தம் இல்லை. இளவட்டத்தில் இருந்து இரண்டு பேரும் ஒரே மலையில் கவ்வாத்து வெட்டினோம். தேயிலைச் செடி மறுபடி துளிர்ப்பதற்காக அதை முழங்கால் உயரத்துக்கு வெட்டி விடுகிற வேலை அது. அவன் பேசுவான், நான் கேட்பேன். அவன் பொண்டாட்டி எனக்குத் தங்கச்சி முறை. என் பொண்டாட்டியை அவள் மதினி என்பாள். நாங்கள் மாதா கோயிலுக்குப் போகிற வேதக்காரர்கள், அவர்கள் மாரியம்மன் கோயிலுக்குப் போகிறவர்கள். நத்தாருக்கு எங்கள் பலகாரம் சுவருக்கு அந்தப் பக்கம் போகும். தீபாவளிக்கு அவர்கள் பலகாரம் இந்தப் பக்கம் வரும்.

வெள்ளைக்காரர்கள் எங்கள் மலைக்கு வருவது புதிது இல்லை. ரயிலில் வந்து இறங்கி, பை தூக்கிக்கொண்டு மேலே ஏறி, படம் எடுத்துவிட்டுப் போவார்கள். கொழுந்து எடுக்கிற பொம்பளைகள் அவர்களுக்குப் பழகிப் போயிருந்தார்கள். "கேட்டுட்டு எடுத்தா பல்ல காட்டுவோம், கேக்காம எடுத்தா முதுக காட்டுவோம்" என்பார்கள். லயத்தில் தங்குவதற்கு மட்டும் யாரும் வந்ததில்லை.

ஒரு நாள் மச்சான் பண்டாரவளைக்குப் போய்விட்டு வந்தான். அங்கே ஓர் ஆட்டோக்காரன் அவனுக்குச் சொல்லியிருந்தான், ஹோட்டலில் தங்காமல் தோட்டத்து வீட்டில் தங்க ஆசைப்படுகிறவர்கள் இருக்கிறார்கள் என்று.

"மச்சான், இந்த லயத்த பாக்க அவன் காசு குடுத்து வாறானாம். நமக்கு யாராவது காசு குடுத்தா இத விட்டுட்டு ஓடிருவோம்."

"எங்க படுக்க வைப்ப?"

"முன் காம்பராவுல. நாங்க குசினியில சுருண்டுக்குவோம்."

நானும் சேர்ந்துதான் வேலை செய்தேன். தரைக்குச் சிமெந்து பூசினோம். சுவருக்கு நீலம் அடித்தோம். கக்கூசுக்குக் கதவு போட்டோம். என் பொண்டாட்டி பழைய சேலையைக் கிழித்து ஜன்னலுக்குத் திரை தைத்துக் கொடுத்தாள். போர்டு எழுதி மாட்டிய அன்று லயமே கூடி நின்று கேலி செய்தது. "இனி பைப்படிக்குக் கோட்டு போட்டுத்தான் வரணுமோ?" என்று ஒருவன் கேட்டான். மச்சான் விடவில்லை. "நீ மொதல்ல சட்ட போட்டு வா" என்றான்.

ஆட்கள் வந்தார்கள். நல்ல ஆட்கள்தான். காலையில் பைப்படியில் எங்களோடு வரிசையில் நின்று, ஒவ்வொருவருக்கும் வணக்கம் சொல்வார்கள். விடியும்போது சூரியனைப் பார்க்க நான் அவர்களை மேலே கூட்டிப் போவேன். பேச்சு தேவைப்படாத வேலை. எனக்குப் பிடித்திருந்தது.

அப்புறம் என் பொண்டாட்டிக்கு நெஞ்சில் சளி கட்டியது. ஆஸ்பத்திரியில் வைத்துப் பார்த்தோம். நிற்கவில்லை. பெட்டியில்தான் வீட்டுக்கு வந்தாள்.

எங்கள் தோட்டத்தில் ஒரு வழக்கம் இருக்கிறது. லயத்தில் சாவு விழுந்தால், அடக்கத்துக்கு எடுக்கிற வரைக்கும் அந்த லயத்தில் எந்த அடுப்பும் எரியாது. வேதக்காரன், கோயில்காரன் என்று அதில் வித்தியாசம் இல்லை. மேல் லயத்தில் இருந்து தேத்தண்ணி வரும். கீழ் லயத்தில் இருந்து சோறு வரும். பிள்ளைகளைக்கூட அங்கே அனுப்பித்தான் சாப்பிட வைப்பார்கள்.

மச்சான் வீட்டில் அப்போது ஒரு வெள்ளைக்காரனும் அவன் மனைவியும் தங்கியிருந்தார்கள். நான் பெட்டிக்குத் தலைமாட்டில் உட்கார்ந்திருந்தேன். ஜெபம் நடந்துகொண்டிருந்தது. சுவருக்கு மேலே இருந்து புகை வந்தது. அதன் பின்னால் வெங்காயம் வதங்குகிற வாசனை. அப்புறம் முட்டை பொரிகிற சத்தம். ஜெபம் படித்தவர் ஒரு நொடி நிறுத்திவிட்டுத் தொடர்ந்தார். பொம்பளைகள் முந்தானையால் மூக்கை மூடிக்கொண்டார்கள். பெட்டி மேல் இருந்த பூ வாசனை பிடிக்காதவர்கள் மாதிரி.

கொஞ்ச நேரம் கழித்து அந்த வெள்ளைக்காரப் பொம்பளை வந்து பெட்டிக்குப் பக்கத்தில் தலை குனிந்து நின்றாள். அழுதாள். அவளுக்கு எங்கள் வழக்கம் தெரியாது. அவள் மேல் எனக்கு அன்றும் கோபம் இல்லை, இன்றும் இல்லை.

மச்சான் பெட்டி தூக்கினான். குழிக்கு மண் போட்டான். எட்டாம் நாள் பூசைக்கும் வந்து கடைசி பெஞ்சில் உட்கார்ந்தான். நான் அவனோடு பேசவில்லை. சண்டை போடவும் இல்லை. சண்டை போட்டிருந்தால் ஒரு நாளில் தீர்ந்திருக்கும். அவனும் இரண்டு மூன்று தடவை ஏதோ சொல்ல வந்தான். நான் வேறு பக்கம் பார்த்தேன். பிறகு அவனும் பார்ப்பதை விட்டுவிட்டான். விருந்தாளிகளை மேலே கூட்டிப் போகிற வேலையை நான் விட்டேன். அப்படியே இரண்டு வருஷம் போனது.

அந்த நேரத்தில்தான் ஒரு பொம்பளைப் பிள்ளை வந்தாள். பதுளை டவுனில் துணிக்கடை வைத்திருக்கிற முஸ்லிம் குடும்பம். யுனிவர்சிட்டியில் சமூகவியல் படிக்கிறாள். அப்படி என்றால் என்ன என்று கேட்டேன்.

"ஊர் பாக்க ஆக்கள் வாறாங்கல்ல அங்கிள், அவங்க வந்த பிறகு அந்த ஊர்ல இருக்கிறவங்களுக்குள்ள என்ன நடக்குதுன்னு பாக்கிறது. எல்லாரும் வந்தவங்கள பத்தித்தான் கேப்பாங்க. நான் இருக்கிறவங்கள பத்திக் கேக்கிறேன்."

இதற்கும் ஒரு படிப்பு இருக்கிறதா என்று நினைத்தேன்.

பல நாள் பஸ்ஸில் வந்து போனாள். அட்டை கடித்து இரத்தம் ஒழுகினாலும் துடைத்துவிட்டு அடுத்த கேள்வி கேட்பாள். பொம்பளைகளுக்கு அவளைப் பிடித்துப் போனது. "ஒனக்கு இன்னும் மாப்ள பாக்கலையா? எங்கள கேள்வி கேட்டு கேட்டே கெழவி ஆயிருவ போல" என்று வம்புக்கு இழுப்பார்கள்.

ஒரு மழை நாளில் அவள் பக்கத்துக் காம்பராவில் உட்கார்ந்து கேட்ட கேள்வி சுவருக்கு மேலாக என் காதில் விழுந்தது.

"நீங்க இத தொடங்கின பிறகு அக்கம்பக்கத்துல ஏதும் மனஸ்தாபம் வந்ததா?"

கூரைத் தகரத்தில் மழை தட்டியது.

"ஒண்ணும் மாறல புள்ள" என்றான் மச்சான். "பக்கத்துல இருக்கிறது என் மச்சான். இந்தச் செவுத்துக்கு நீலம் அடிச்சதே அவரு தான்."

என்னை மச்சான் என்று அவன் சொல்லி நான் கேட்டு ரொம்ப நாள் ஆகியிருந்தது.

பிறகு அவள் என் பக்கம் வந்தாள். பலகையில் உட்கார்ந்து, நனைந்த முக்காட்டைச் சரிசெய்துகொண்டு, அதே கேள்வியைக் கேட்டாள்.

"பயப்படாம சொல்லுங்க அங்கிள். யார்ட பேரும் எழுத மாட்டேன்."

"ஒண்ணும் மாறல" என்றேன்.

அவன் அப்படிச் சொல்லும்போது நான் வேறு சொல்லி, வெளியாள் முன்னால் அவனைக் குற்றவாளி ஆக்க எனக்கு மனம் வரவில்லை. நான் சொன்னதும் சுவர் வழியாக அவனுக்குக் கேட்டிருக்கும். அன்று மாலை அவன் வாசலில் நின்று இருமினான். கூப்பிடுகிற இருமல் அது. எனக்குத் தெரியும். நான் விளக்கைப் போட்டேன். எழுந்து போகவில்லை.

சில மாதம் கழித்து அவள் மறுபடி வந்தாள். எழுதி முடித்துவிட்டாளாம். எங்களிடம் கேட்டதை எங்களுக்கே வாசித்துக் காட்ட வேண்டும் என்றாள். வேலைக்குப் போகிறவர்கள் கைப்பிள்ளைகளை விட்டுப் போகிற பிள்ளைக்காம்பராவில் ஞாயிறு பூசை முடிந்த பிறகு கூடினோம். தொட்டில்களை ஓரமாகத் தள்ளிவிட்டு உட்கார்ந்தோம். மச்சானும் தங்கச்சியும் எனக்கு எதிரே இருந்தார்கள்.

படம் எடுப்பதைப் பற்றி வாசித்தாள். எல்லோரும் தலையாட்டினார்கள். மேலே புதிதாக ஹோட்டல் கட்டியதும் லயத்துப் பக்கம் ஆட்கள் வருவது குறைந்ததைப் பற்றி வாசித்தாள். அதுவும் உண்மை. பிறகு வாசித்தாள்: "சுற்றுலாவின் காரணமாக அயல் வீடுகளுக்கிடையே பிணக்கு ஏற்பட்டதாக இந்தத் தோட்டத்தில் எவரும் கூறவில்லை."

பின்னால் இருந்து ஒரு பொம்பளை சிரித்தாள். "அடேயப்பா, ரொம்ப ஒத்தும தான். ஒரே பைப்புல தண்ணி புடிக்கயில ரெண்டு ஆம்பளைங்களும் வானத்த பாக்குறாங்க."

"மழ வருதான்னு பாக்குறாங்க போல" என்றாள் இன்னொருத்தி. காம்பரா முழுக்கச் சிரிப்பு. வாசித்த பிள்ளை தலை நிமிர்ந்து என்னைப் பார்த்தாள், மச்சானைப் பார்த்தாள்.

தங்கச்சி எழுந்தாள்.

"மிஸ், அத வெட்டுங்க. அது பொய்."

"ஒக்காருடி" என்று மச்சான் அவள் சேலையைப் பிடித்து இழுத்தான்.

"நீ சும்மா இரு. ரெண்டு வருஷமா நீயும் சொல்லல, என்னையும் சொல்ல விடல." அவள் என் பக்கம் திரும்பினாள். "மதினி செத்துக் கெடக்கயில அடுப்ப பத்த வச்சவ நான். வந்தவங்க பட்டினியா போயி போன்ல என்னத்த எழுதி விட்ருவாங்களோன்னு பயம். மேல் லயத்துக்குக் கூட்டிட்டுப் போயி ரெண்டு வாய் குடுத்திருக்கலாம். அது அப்ப தோணல. அண்ணே, எம்மேல தான் தப்பு."

சிரிப்பு நின்றுவிட்டது. எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். மச்சானும் பார்த்தான். தொப்பியைக் கையில் வைத்துச் சுருட்டிக்கொண்டிருந்தான்.

எனக்கு அவளைப் பார்க்கப் பாவமாக இருந்தது. இத்தனை பேருக்கு முன்னால் நிற்கிறாளே என்று. சீக்கிரம் அவளை உட்கார வைத்தால் போதும் என்று இருந்தது.

"அதெல்லாம் ஒண்ணுமில்ல" என்றேன். "எழுதுனது எழுதுனபடியே இருக்கட்டும்."

பெருந்தன்மையாகப் பேசியதாகத்தான் நினைத்தேன். அவள் உட்கார்ந்ததைப் பார்த்த பிறகுதான் அது இல்லை என்று தெரிந்தது. அடி வாங்கியவள் மாதிரி உட்கார்ந்தாள். மச்சான் தொப்பியைத் தலையில் போட்டுக்கொண்டு எழுந்து வெளியே போனான். ஆமா தங்கச்சி, வலிச்சுச்சு, இப்ப போகட்டும் என்று சொல்ல எனக்கு ஒரு மூச்சு போதும். அந்த மூச்சு வரவில்லை.

பஸ்ஸுக்கு அந்தப் பிள்ளையோடு ரோடு வரை நடந்தேன்.

"அந்த வரிய என்ன செய்யட்டும் அங்கிள்?"

"இருக்கட்டும்."

"நீங்க ஒரு வார்த்த சொன்னா மாத்தலாம். யுனிவர்சிட்டிக்கு இன்னும் குடுக்கல."

பஸ் வந்துவிட்டது. அவள் ஏறி ஜன்னல் பக்கம் உட்கார்ந்து, பஸ் நகரும் வரை என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் கையை அசைத்தேன்.

மழைக்காலம் முடிந்ததும் மச்சானின் மகன் அவர்களைக் கூப்பிட்டான். அவன் கொழும்புப் பக்கம் வத்தளையில் வாடகை வீடு எடுத்திருந்தான். என்னால்தான் போனார்கள் என்று சொல்ல மாட்டேன். ஆட்கள் வருவது நின்று போயிருந்தது, கவ்வாத்து வெட்டுகிற வயதும் எங்கள் இரண்டு பேருக்கும் போய்விட்டது. ஆனால் போக வேண்டாம் என்று சொல்ல இந்த லயத்தில் ஓர் ஆள் இருந்தான். அவன் சொல்லவில்லை.

லொறி வந்த அன்று அலுமாரியைத் தூக்க ஆள் பற்றவில்லை. நான் போய் ஒரு முனையைப் பிடித்தேன். மற்ற முனையில் மச்சான்.

"படி இருக்கு, பாத்து."

"ம்."

"எடது பக்கம் சாய்."

"விடாத. விடாத. சரி, வை."

இத்தனை வருஷத்துக்குப் பிறகு நாங்கள் பேசியது அவ்வளவுதான். லொறியில் ஏற்றிய பிறகு இரண்டு பேருக்கும் மூச்சு வாங்கியது. பக்கத்தில் பக்கத்தில் நின்றோம். சொல்ல வேண்டியது எல்லாம் வாய்க்குள் இருந்தது. தங்கச்சி முன் சீட்டில் ஏறி, ரோட்டையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"வாறேன் மச்சான்" என்றான் அவன்.

நான் லொறியைச் சுற்றிப் போய், சாமான் கட்டியிருந்த கயிற்றை இழுத்துப் பார்த்தேன்.

"கயிறு தளர்வா இருக்கு" என்றேன். "பெரகல சந்தியில நிப்பாட்டி இறுக்கிக்க."

"சரி" என்றான்.

லொறி வளைவில் திரும்பும் வரை அங்கேயே நின்றேன். அவன் நிப்பாட்டினானோ என்னவோ, எனக்குத் தெரியாது.