போர்ட்டிகோ மேல் ஏறிய சோலார்

உச்சிமாகாளி சாரைப் பொறாமைக்காரர் என்று ஊரில் யாரும் சொன்னதில்லை. இளையரசனேந்தல் பக்கத்துக் கரிசல் காட்டிலிருந்து முதல் ஆளாகக் கல்லூரிக்குப் போனவர். இயற்பியலில் பட்டம் வாங்கி, சங்கரன்கோவிலில் தனியார் பள்ளியில் வாத்தியாராகி, சொந்தமாக வீடும் கட்டிவிட்டார். மற்றவர்கள்தான் அவரைப் பார்த்துப் பெருமூச்சு விட வேண்டும். சகலை செல்வக்குமார் புது வீட்டில் பால் காய்ச்சிய நாள் வரைக்கும் அவர் அப்படித்தான் நம்பிக்கொண்டிருந்தார்.

செல்வக்குமார், உச்சிமாகாளியின் மனைவி ராஜேஸ்வரியின் தங்கையைக் கட்டியவன். பேருந்து நிலையத்துக்கு எதிரே செல்போன் கடை வைத்திருக்கிறான். பிளஸ் டூவில் இயற்பியலில் கோட்டை விட்டவன். பால்காய்ப்புக்கு மாமனார் மகாராஜா, ராயகிரியிலிருந்து முந்தின நாளே வந்துவிட்டார். இடுப்பு வலிக்காரர், வெந்நீர் இல்லாமல் குளிக்கமாட்டார். காலையில் குளித்து, தலையைத் துவட்டிக்கொண்டே நடுக்கூடத்துக்கு வந்தார்.

"மருமவனே, நீங்களும் ஒரு குளி குளிச்சுப் பாருங்க," என்றார் மூத்த மருமகனிடம். "ஷவரத் தொறந்தா வென்னி சடசடன்னு விழுது. ஆள் வச்சு இடுப்ப நீவி விட்ட மாதிரில்லா இருக்கு!"

"அது ஒண்ணுமில்ல மாமா, ஹீட்டரோட ஒரு பிரஷர் பம்ப்பு மாட்டியிருக்கேன்," என்றான் செல்வக்குமார் அடக்கமாக.

அந்த அடக்கம்தான் உச்சிமாகாளியைச் சுட்டது. கை கழுவப் போகிறவர்போல் குளியலறைக்குள் போய், கதவைத் தாழிட்டு, ஷவரைத் திறந்து பார்த்தார். கொட்டியது. சட்டைக் கை முழங்கை வரை நனைந்தது. வெளியே வந்து பந்தியில் உட்கார்ந்தார். கேசரியில் சர்க்கரை கம்மி என்று ராஜேஸ்வரியிடம் சொன்னார்.

அவர் கவலை சங்கரன்கோவில் கோயிலின் ஆடித்தபசுத் திருவிழாவைப் பற்றியது. தபசுக்கு வரும் மாமனார் மூத்த மகள் வீட்டில்தான் இறங்குவார். அங்கே குளித்து, மூத்த மருமகனோடுதான் கோயிலுக்குக் கிளம்புவார். கல்யாணமான வருஷத்திலிருந்து இதில் மாற்றமில்லை. எதிரே வருகிறவர்கள், "பெரிய மருமவன்கூட கெளம்பியாச்சாக்கும்?" என்று மாமனாரிடம் கேட்கும்போது உச்சிமாகாளியின் நடை கொஞ்சம் மெதுவாகும். இந்த வருஷம் அந்தக் கேள்வி செல்வக்குமாருக்குப் போய்விடுமோ?

அவர் வீட்டு ஷவரில் தண்ணீர் நூல் நூலாகத்தான் வரும். தண்ணீர்த் தொட்டி மொட்டைமாடித் தரையிலேயே குந்தியிருக்கிறது. உயரம் இல்லாவிட்டால் அழுத்தம் இல்லை என்று வருஷா வருஷம் வகுப்பில் நடத்துகிற பாடம்தான்.

ஹீட்டர் வாங்கப் போன ஜெஸ்லினின் எலக்ட்ரிக்கல் கடையில் ஹீட்டர்கள் வரிசையாகத் தொங்கின. "கேஸா, கரண்டா சார்?" என்று கேட்டாள் அவள்.

"கேஸ் வேண்டாம்மா. தண்ணி வேகமா வராட்டா அது பத்தவே பத்தாது. கரண்டுல இன்ஸ்டன்ட்டும் ஆகாது, வார வேகத்தையும் கொறச்சிரும்," என்று அவரே விளக்கினார்.

"அப்ப இருபத்தஞ்சு லிட்டர் ஹீட்டரும், கூட ஒரு சின்ன பம்ப்பும் எடுத்துக்கோங்க. உங்க சகலையும் அதத்தான் எடுத்தாவ."

அங்கேதான் கெட்டது. "அவரு வச்சா நானும் அதையே வைக்கணுமாக்கும்?"

"பம்ப்புல என்ன சார் சொந்தபந்தம்?"

உச்சிமாகாளியின் கண் சுவரில் இருந்த சோலார் வாட்டர் ஹீட்டர் படத்தில் நின்றது. பம்ப்பு குளியலறைக்கு மேலே ஒளிந்து கிடக்கும். சோலார் அப்படியா? தெருவே பார்க்கும்.

"சோலாருக்குத் தண்ணி மேலருந்து எறங்கணும், உங்க தொட்டிய இன்னும் உசத்தணுமே சார்," என்றாள் ஜெஸ்லின்.

உயர்த்திவிடலாம் என்றுதான் வீட்டுக்கு வந்தார். ராஜேஸ்வரி விடவில்லை. "ஆடி மாசத்துல செங்கல எடுத்து வைக்கப் போறீயளா? ஆவணி பொறக்கட்டும்."

"ஆவணியில தபசு வராதுட்டி!"

கடைசியில் தொட்டியைத் தொடாமல், மாடியைவிடத் தாழ்வாக இருந்த போர்ட்டிகோவின் மேல் சோலாரை நிறுத்தினார்கள். தண்ணீர் தானாக இறங்கி நிரம்பிவிடும். ஷவரின் வேகம் மட்டும் ஒரு சொட்டுகூட அதிகமாகாது. உச்சிமாகாளிக்கு இது நன்றாகத் தெரியும். ஆனால் தெருவில் நின்று பார்த்தபோது கண்ணாடிக் குழாய்கள் வரிசையாக மின்னின. அதைப் பார்த்ததும் தெரிந்ததெல்லாம் மறந்துபோயிற்று.

தபசன்று வானம் மூடிக்கிடந்தது. மேற்கே இருந்து சாரல் காற்று. மாமனார் வந்து துண்டோடு குளியலறைக்குள் போனார். கொஞ்ச நேரத்தில் உள்ளேயிருந்து சத்தம் வந்தது.

"ஏட்டி ராஜேசு! இந்தக் குழாயில தண்ணி வருதா, இல்ல குழாய்க்கு வேர்க்குதா?"

பாதி நனைந்த தலையோடு வெளியே வந்தார். "மருமவனே, இது வென்னியா பச்சத்தண்ணியான்னு நான் கேக்கல. தண்ணிதானான்னு கேக்கேன்." பிறகு மகளைப் பார்த்து, "சின்னவருக்குப் போன் போடு. அங்கன போயிக் குளிச்சிட்டு, அப்படியே அவருகூடக் கோயிலுக்குப் போயிருதேன்," என்றார்.

செல்வக்குமார் பைக்கில் பறந்து வந்தான். வண்டியை நிறுத்தியவன் இறங்காமல் மேலே பார்த்தபடி இருந்தான்.

"அண்ணாச்சி, சோலாரா? சொல்லவே இல்ல!"

"சொல்லிக்கிட்டு என்ன வே."

"எங்க வீட்ல கரண்டு போச்சுன்னா ஹீட்டரும் கெடையாது, பம்ப்பும் கெடையாது." பார்வையை எடுக்காமல், "ஆனா கலர் கொஞ்சம் மங்கலா இருக்கோ?" என்றான்.

உச்சிமாகாளிக்கு அந்தக் குரல் பழக்கமானது, கேசரியில் சர்க்கரை கம்மி என்று சொன்ன அவருடைய குரலேதான். நெஞ்சு குளிர்ந்தது. "ஏறிப் பாக்கீரா?" என்று ஏணியை எடுத்துப் போட்டார்.

மேலே போய்ப் பாடம் ஆரம்பித்துவிட்டார். வெயிலைக் குழாய் எப்படி வாங்குகிறது, சூடான தண்ணீர் எப்படி மேலே ஏறுகிறது... செல்வக்குமார் ஒவ்வொரு குழாயையும் தட்டிப் பார்த்தான். கீழேயிருந்து மாமனார் கத்தினார்: "நான் இங்கன வெறச்சுப்போயி நிக்கேன். மேல என்ன, கோயில் கொடையா நடக்கு?"

"இதோ மாமா," என்றார்கள் இருவரும். இறங்கவில்லை.

அவர்கள் இறங்கியபோது அடுப்பில் காய்ந்த ஒரு பெரிய சட்டி வெந்நீரை வாளியில் விளாவி ஊற்றிக் குளித்து முடித்து, திருநீறு பூசி, ராஜேஸ்வரியோடு ஆட்டோவில் உட்கார்ந்திருந்தார் மாமனார்.

"மாமா, வண்டி கொண்டாந்திருக்கேன்லா," என்றான் செல்வக்குமார்.

"நீங்க ரெண்டுவேரும் மாடியிலேயே நில்லுங்க. தபசு அங்கன தெரியுதான்னு பாருங்க."

ஆட்டோ போய்விட்டது. சகலைகள் இருவரும் வாசலில் நின்றார்கள்.

"எப்படியோ, எங்க வீட்லதான வே குளிச்சாரு," என்றார் உச்சிமாகாளி.

"சோலார்ல குளிக்கலையே அண்ணாச்சி."

உச்சிமாகாளி பைக்கில் பின்னால் ஏறிக்கொண்டார். தெருமுனை தாண்டியதும் தொண்டையைச் செருமினார்.

"அந்த பம்ப்பு... ரொம்பச் சத்தம் போடுமோ?"

"கொஞ்சம் போடும். காது பழகிரும்," என்றான் செல்வக்குமார்.

பக்கக் கண்ணாடியில் அவன் முகம் மலர்ந்திருப்பது தெரிந்தது. உச்சிமாகாளிக்கு அது பிடிக்கவில்லை.