பின்வாசல் வழியாக வருகிறவன்

வெளிநாட்டு விருந்தாளிகளை ஏசி போட்ட வேனிலேயே உட்கார வைத்துவிட்டு, தினுஷன் சாப்பாட்டுக் கடையின் பின்பக்கமாகப் போகிறான். முன்பக்கத்தில் பூச்சட்டிகள், மேசை விரிப்பு, சிரித்த முகத்தோடு ஒரு மனேஜர் எல்லாம் உண்டு. அவற்றை அவன் பார்ப்பதில்லை. சமையலறைக் கதவில் தொங்கும் துணியை எடுத்து மூக்கருகே கொண்டுபோவான். பிறகு சோற்றுப் பானையின் மூடியைத் தூக்குவான். எத்தனை மணிக்கு வடித்தது என்று சிங்களத்தில் கேட்பான். வாய் பதில் சொல்வதற்குள் கண்ணைப் பார்த்துவிடுவான். ஐஸ் எங்கிருந்து வருகிறது, வெள்ளரிக்காய் வெட்டும் பலகையில் வேறு எதை வெட்டுகிறார்கள், தண்ணீர்த் தாங்கிக்கு மூடி இருக்கிறதா. மொத்தம் மூன்று நிமிடம். திரும்பி வரும்போது வேன் சாவியை விரலில் சுழற்றிக்கொண்டு வந்தால் அங்கே சாப்பிடலாம். சாவி பொக்கெட்டில் இருந்தால் வேன் அடுத்த கடைக்குப் போகும்.

அவன் என் தம்பி. வயது முப்பத்து நான்கு. கண்டியில் ஒரு கம்பனிக்கு வேன் ஓட்டி, வெளிநாட்டுக்காரர்களுக்கு நாட்டைச் சுற்றிக் காட்டுவது தொழில். நான் எட்டாம் வகுப்போடு நின்றவன். கடுகண்ணாவையில் மெயின் ரோட்டோரம் சிறிய சாப்பாட்டுக் கடை வைத்திருக்கிறேன். அவன் ஆங்கிலம், கொஞ்சம் பிரெஞ்சு, வயிற்றுக்கோளாறைப் பற்றி மட்டும் ஜெர்மன் பேசுவான். மூன்று மொழிகளிலும் அவன் சொல்வது ஒன்றுதான்: "தோலோட வர்றது, கொதிச்சு வர்றது, கண்ணு முன்னால வெட்டுறது. இந்த மூணுக்குள்ள நின்னா வயிறு சண்டைக்கு வராது." அதனால் அவனுடைய விருந்தாளிகள் தீவு முழுவதும் வாழைப்பழம், சட்டியிலிருந்து நேரே இறங்கும் அப்பம், தங்கள் முன்னாலேயே சீவிய செவ்விளநீர் என்று நிறைவாகவே சாப்பிடுகிறார்கள். பெரிய ஹோட்டல் பஃபேயில் ஐஸ் மேல் அடுக்கிய பழத்துண்டுகளின் பக்கம் அவர்கள் போனால் இவன் குறுக்கே போய் நிற்பான்.

உட்கார்ந்து அவன் சாப்பிட்டதை நான் கண்டு பல வருடமாகிறது. விருந்தாளிகள் சாப்பிடும்போது மேசைக்கும் அடுப்புக்கும் இடையில் நடப்பான். மறுநாள் காலை ஹோட்டல் வரவேற்பில் அவன் முதலில் கேட்கும் கேள்வியைக் கேட்டு அங்குள்ளவர்கள் பழகிவிட்டார்கள்: ராத்திரி பன்னிரண்டாம் அறையிலிருந்து டொய்லெட் பேப்பர் கேட்டார்களா? கேட்கவில்லை என்றால்தான் தேத்தண்ணீர் குடிப்பான்.

அக்குறணை ஷப்ராஸும் அதே கம்பனியில் வேன் ஓட்டுகிறவர். என் கடையில் ப்ளேன்டீ குடிக்கும்போதெல்லாம் இவனைச் சீண்டுவார். "மச்சான், நீ டிரைவரா, கடை கடையா சுத்தம் செக் பண்ற பீ.எச்.ஐ. மாத்தயாவா?"

"ரெண்டுக்கும் ஒரே சம்பளந்தான் மச்சான். பீ.எச்.ஐ. மாத்தயாவுக்குப் பென்சன் இருக்கு, எனக்கு இல்ல."

இன்னொரு பைத்தியமும் அவனுக்கு உண்டு, வைன். இவன் ஒரு துளி குடித்ததில்லை. "நம்ம அப்பா குடிச்சதே நாலு தலமொறைக்குக் காணும்ணே" என்பான். ஆனால் விருந்தாளிகளுக்குச் சாயங்காலமானால் வைன் வேண்டும். ஹோட்டலில் அதற்கு மூன்று மடங்கு விலை. நம்மூரில் வைன் ஸ்டோர்ஸ் என்று பலகை தொங்கும் கடைகளில் ஓடுவது சாராயமும் பியரும்தான். வைன் போத்தல்கள் மேல் தட்டில் தூசி படிந்து நிற்கும். விலை ஏறுவதற்கு முன்பு வந்த சரக்கு, பழைய விலைச் சீட்டோடு, எந்தக் கடையில் எத்தனை போத்தல் மிச்சம் என்று கட்டுகஸ்தோட்டையிலிருந்து கம்பளை வரை இவனுக்குத் தெரியும். முதலாளிக்கு அது இடத்தை அடைத்துக்கொண்டிருக்கும் சாமான். இவன் ஏணியைத் தானே எடுத்து வைத்து ஏறுவான்.

குறைந்த விலை என்பதற்காக எடுத்துவிடவும் மாட்டான். முன்பு ஆறு நாள் இவன் வேனில் சுற்றிய இத்தாலிக் கிழவர் ஒருவர் சொல்லிக் கொடுத்ததை ஒரு கொப்பியில் எழுதி வைத்திருக்கிறான். வெள்ளை வைன் தேன் நிறத்துக்கு வந்துவிட்டதா, வேண்டாம். மூடிக்குக் கீழே பிசுபிசுக்கிறதா, வேண்டாம். வெயில் விழும் கண்ணாடி அலுமாரியில் நின்றதா, சும்மா கொடுத்தாலும் வேண்டாம். டியூப் லைட்டுக்கு நேரே போத்தலைப் பிடித்து ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்க்கும்போது, கடைக்கு வந்தவர்கள் தங்கள் கால் போத்தலை மறந்துவிட்டு இவனைப் பார்ப்பார்கள். தேறிய போத்தல்கள் எங்கள் வீட்டு அரிசிப் பீப்பாய்க்குள் படுக்கையாகக் கிடக்கும். அங்கேதான் இருட்டும் குளிர்ச்சியும் என்பது அவன் கண்டுபிடிப்பு. "அரிசி அளக்கப் போனா கையில கழுத்து அகப்படுது. எந்த நாள் பயந்து சாகப்போறேனோ" என்பாள் என் மனைவி கிருஷாந்தி. வாங்கிய பில்லை அப்படியே விருந்தாளியிடம் நீட்டுவான். மேலே ஒரு சதம் வைப்பதில்லை.

இவ்வளவு கவனமாக இருப்பவனுக்குத்தான் ஒக்டோபரில் அடி விழுந்தது. அன்று மழை, வந்து சேரப் பிந்திவிட்டது, கம்பனியின் கடைப் பட்டியலில் உள்ள பெரிய இடமும்கூட. பின்வாசலுக்குப் போகாமல் விட்டான். அவனுடைய பதினொரு வருடத் தொழிலில் அந்த ஒரு நாள்தான். அங்கே சாப்பிட்ட விருந்தாளி அம்மா ஒருவர் மூன்று நாள் ஆஸ்பத்திரியில் கிடந்தார். கம்பனி டிரைவர் பட்டியலிலிருந்து இவன் பெயரை எடுத்துவிட்டது. இரண்டு மாதம் நுவரெலியாவிலிருந்து தம்புள்ளைக்கு மரக்கறி லொறி ஓட்டினான். வீட்டுக்கு வந்தாலும் நிற்க மாட்டான். முட்டைக்கோவாவையும் கரட்டையும் பற்றிப் பேச அவனுக்கு ஒன்றும் இல்லை.

ஜனவரியில் கண்டி ஒபிசிலிருந்து கூப்பிட்டு ஒரு பெல்ஜியம் தம்பதியைக் கொடுத்தார்கள். ஐந்து நாள் பயணம். முடிவில் விருந்தாளிகள் ஒரு கருத்துத் தாளை நிரப்பி, உறையிலிட்டு ஒட்டி, டிரைவர் கையில் கொடுப்பது அந்தக் கம்பனி வழக்கம். அதை ஒபிசில்தான் பிரிப்பார்கள். இந்தத் தாள் நன்றாக இருந்தால் பெயர் மறுபடி பட்டியலில் ஏறும், இல்லாவிட்டால் லொறிதான் என்று முகத்துக்கு நேரே சொல்லி அனுப்பினார்கள்.

நான்கு நாள் நன்றாகப் போயிற்று. ஐந்தாம் நாள் போயா, பௌர்ணமி விடுமுறை. கண்டியிலிருந்து நீர்கொழும்புக்கு இறங்கும் வழியில், மெயின் ரோட்டில் கம்பனி பட்டியலிட்ட ஒரு கடையில் மத்தியானச் சாப்பாடு. இவன் பின்பக்கம் போனான். முந்தின நாள் சோற்றுக்கு ஆவி காட்டிக்கொண்டிருந்தார்கள். கோழித் துண்டுகள் வெயிலில் ஐஸ் விட்டுக்கொண்டிருந்தன. சாவியைப் பொக்கெட்டில் போட்டுக்கொண்டு திரும்பி வந்தான்.

அந்தப் பெல்ஜியம் ஐயா பயணத்தாளைக் காட்டி, இங்கேதானே சாப்பாடு என்று எழுதியிருக்கிறது என்று கேட்டிருக்கிறார். கம்பனி சேர்த்துக்கொண்ட இடத்தைக் குறை சொல்ல இவனுக்கு வாய் இல்லை. இன்று அங்கே சரியில்லை என்று மட்டும் சொன்னான். போயா என்பதால் அடுத்த இரண்டு கடைகளும் பூட்டு. அப்போது மணி ஒன்றே முக்கால். எனக்கு ஃபோன் வந்தது.

"அண்ணே, கடை தொறந்திருக்கா?"

"இருக்கு. என்னா?"

"ரெண்டு பேரு. வாறேன்."

பதினொரு வருடத்தில் என் கடைக்கு அவன் ஒரு விருந்தாளியைக் கொண்டுவந்ததில்லை. ஷப்ராஸ் ஒருமுறை காரணம் கேட்டதற்கு, "சொந்த அண்ணன் கடையில மூக்கு பொய் சொல்லும்" என்றானாம். அதைக் கேட்டு எனக்குக் கோபம் வரவில்லை. என் கடையைத் துடைப்பதும் கழுவுவதும் நான்தான். அது எவ்வளவு சுத்தம் என்று எனக்குத் தெரியும். ஆனாலும் அவன் பேச்சில் பிழை கண்டுபிடிக்க முடியவில்லை.

வேன் வந்து நின்றது. அவன் பின்வாசலால் வந்தான். "வாடா" என்றேன். துணியை எடுத்து முகர்ந்தான். சோற்றுப் பானையைத் திறந்தான்.

"எத்தன மணிக்கு?"

"பதினொண்ணரைக்கு."

"வேற சோறு வைங்க." அடுத்த சட்டியைத் திறந்தான். "இந்தத் தேங்காய்ச் சம்பல்?"

"காலைல அரைச்சது" என்றாள் கிருஷாந்தி.

அவன் அதை எடுத்துக்கொண்டுபோய் வேலியோரம் காகங்களுக்குக் கொட்டிவிட்டு வந்தான்.

"இத்தன வருசமா இந்தச் சம்பலத் தின்னு இந்தக் கடையில எவனும் சாகல" என்றாள்.

"செத்தவன் கருத்துத் தாள் நெரப்ப மாட்டான் மதினி. வயித்தால போறவன்தான் நெரப்புவான்."

நாற்பது நிமிடம் ஆயிற்று. புதுச்சோறு, பருப்பு, போஞ்சிக் கறி, கண்ணெதிரே பொரித்த முட்டை, அப்பளம். அந்த மேடம் பருப்பை இரண்டாம் தடவை கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். ஐயா மணிக்கூட்டைப் பார்த்துக்கொண்டு முட்டையை மட்டும் தின்றார். அன்று அவர்களுடைய கல்யாண நாளாம். தினுஷன் வாங்கித் தந்த வைன் வேனில் இருக்கிறதே, அதைத் திறக்கலாமே என்று கேட்டார். போயா நாளில் கடையில் மது கூடாது, என்னிடம் லைசனும் இல்லை. தினுஷன் மெதுவாக விளக்கிச் சொன்னான்: ஹோட்டல் அறைக்குப் போனதும் திறந்துகொள்ளுங்கள், அருமையான போத்தல், கெடாமல் இருக்கிறது. ஐயா தலையை ஆட்டினார். அதை ஆமாம் என்றும் எடுக்கலாம், போதும் என்றும் எடுக்கலாம்.

பிறகு கருத்துத் தாளைக் கேட்டு வாங்கி, என் மேசையிலேயே எழுத உட்கார்ந்தார். தினுஷன் ரோட்டுக்குப் போனான், வேன் டயரை உதைத்துப் பார்த்தான், திரும்பி வந்து குடிக்காத தண்ணீரை ஊற்றி வைத்தான், மறுபடியும் ரோட்டுக்குப் போனான். ஐயா எழுதிக்கொண்டே இருந்தார். தாளைத் திருப்பிப் பின்பக்கத்திலும் எழுதினார். உறையை நாக்கால் நனைத்து ஒட்டி, அவனிடம் நீட்டினார்.

அடுத்த நாள் பத்து மணிக்கு அவன் திரும்பி வந்தான். கடுகண்ணாவையில் அன்று விடிந்ததிலிருந்து பனியும் தூறலும். கண்டி ஒபிசுக்குப் போகும் வழி.

"வயிறு?" என்றேன்.

"நல்லா இருக்காங்க. ராத்திரி ஹோட்டலுக்கு மூணு தடவ ஃபோன் பண்ணிட்டேன். பேப்பர் ஒண்ணும் கேக்கல. வைன் போத்தலும் காலியாம். காலைல சிரிச்சிக்கிட்டேதான் ஏர்போர்ட்டுக்கு ஏறினாங்க."

"அப்பறம் என்னா?"

"நல்லதுன்னா ரெண்டு வரியோட முடியும்ணே. அவரு தாளத் திருப்பி எழுதினாரு." கதிரையின் முதுகைப் பிடித்துக்கொண்டு கால் மாற்றிக் கால் நின்றான். "லேட்டானத எழுதியிருப்பாரு. லிஸ்ட்ல உள்ள கடைய விட்டுட்டு எங்கயோ கூட்டிட்டுப் போனான்னு எழுதியிருப்பாரு. அதுவும் சொந்த அண்ணன் கடைக்கு. கமிசனுக்காகன்னு நெனச்சிருப்பாரு."

"மேடம் பருப்பு ரெண்டு தடவ வாங்கினாங்களே."

"எழுதினது மேடம் இல்லண்ணே."

சட்டைப் பொக்கெட்டிலிருந்து உறையை எடுத்து மேசையில் வைத்தான். ஈரத்தில் பசை விட்டுப்போய், உறையின் மடிப்பு தானாக எழும்பி நின்றது. உள்ளே மடித்த தாளின் ஓரத்தில் நீல மை தெரிந்தது. மூன்று பேரும் அதைப் பார்த்தோம்.

"தொறந்துதானே கெடக்கு. பாத்துட்டு ஒட்டிக்குடுங்க, யாருக்குத் தெரியப்போகுது" என்றாள் கிருஷாந்தி.

எனக்கும் பார்க்க வேண்டும் போலத்தான் இருந்தது.

தினுஷன் அடுப்படிக்குப் போனான். அப்போதுதான் வடித்து வைத்த சோற்றிலிருந்து நாலு பருக்கையைக் கிள்ளி எடுத்து, சூடு தாங்காமல் விரலை ஊதிக்கொண்டே வந்தான். அதை மடிப்பின் ஓரம் நெடுக நசுக்கித் தேய்த்து மூடினான். உறையைக் கவிழ்த்துப் போட்டு, இரண்டு உள்ளங்கைகளையும் அதன்மேல் ஊன்றி அழுத்தியபடி, பசை காயும்வரை அப்படியே நின்றான்.