செல்லப்பாவின் அரை அடி

செல்லப்பாவை எனக்கு முப்பது வருடமாகத் தெரியும். அதில் இருபது வருடம் அவர்மேல் கோபம். கட்டட வரைபடங்களைச் சரிபார்த்து அனுமதி தரும் அலுவலகத்தில் லிகிதராக இருந்தார். என் கோழிக்கூட்டுப் படத்தையே இரண்டு தரம் திருப்பி அனுப்பிய புண்ணியவான். கண்டியில் எந்தச் சுவர் எல்லைக்கு எத்தனை அங்குலம் கிட்ட நிற்கிறது என்று பஸ்ஸில் போய்க்கொண்டே சொல்வார்.

அப்படிப்பட்டவருக்கு ஓய்வு பெற்றபின் தானே ஒன்று கட்டவேண்டி வந்தது. மனைவி புஷ்பத்துக்கு மூச்சிழுப்பு. பனியும் தூறலும் ஆகாது. தான் வளர்த்த அந்தூரியப் பூச்செடிகளைக் கண்ணாடி ஜன்னல் வழியாகத்தான் பார்ப்பார். மெல்பேர்னில் இருக்கும் மகள் ஞானேஸ்வரி அம்மாவுக்காக ஒரு டோம் அனுப்பினாள். கம்பிச் சட்டத்தில் கண்ணாடி போலத் தெளிந்த பிளாஸ்டிக் போர்த்திய, கவிழ்த்த சட்டி போன்ற கூடாரம். உள்ளே கதிரை போட்டுத் தோட்டத்தின் நடுவிலேயே உட்காரலாம். ஆனால் வெறும் மண்ணில் வைக்கக்கூடாது. பன்னிரண்டடி அகலத்தில் மட்டமான வட்டத் தளம் வேண்டும்.

அவர்கள் வீடு இருக்கும் அம்பிட்டிய மலைச்சரிவில் மட்டமான நிலத்துக்கு எங்கே போவது? செல்லப்பா முளை அடித்து, கயிறு கட்டி, வட்டம் போட்டார். ஒரு பக்கம் பள்ளம். போன மழையில் கறிவேப்பிலை மரத்தோடு சரிந்த இடம். மறுபக்கம் பக்கத்து வீட்டு மக்கீனின் செம்பரத்தை வேலி. நடுவில் பதினொன்றரை அடிதான். மூன்று நாள் மாறி மாறி அளந்தார். அவருக்குப் பயந்து நிலம் வளரவில்லை.

"அரை அடிதானேங்க, மக்கீன் நானாகிட்ட கேளுங்களேன்," என்றார் புஷ்பம்.

கேட்கலாம்தான். ஆனால் மக்கீன் வீட்டில் சமைக்கும் குசினியின் ஜன்னல் விதியை மீறி எல்லைக்கு அரை அடி கிட்ட இருக்கிறதென்று எழுதி, அதைக் கல் வைத்து அடைக்க வைத்தவர் இதே செல்லப்பா. அன்று சாயங்காலம் புஷ்பத்துக்கு மறுபடி மூச்சு முட்டியது. செல்லப்பா செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பினார்.

மக்கீன் எல்லாவற்றையும் கேட்டார். பிறகு அலுமாரியைத் திறந்து ஜன்னலை அடைக்கச் சொன்ன அந்தப் பழைய கடிதத்தை எடுத்து நீட்டினார்.

"எழுதித் தாங்க ஐயா. படத்தோட. மூணு கொப்பி."

மக்கீனின் மனைவி ருக்கியா டீ கொண்டுவந்தார். "பகல்லயும் லைட் போட்டுத்தான் டீ ஊத்துறது," என்றார்.

செல்லப்பா அந்த டீயைக் குடித்துவிட்டு நேரே என் வீட்டுக்கு வந்தார். வெட்கமாக இருந்தது என்று என்னிடம் வாய்விட்டே சொன்னார்.

விண்ணப்பத்தை மூன்று கொப்பியாக எழுதி, படத்தோடு கொடுத்தார். மக்கீன் பதினான்கு நாள் மூச்சு விடவில்லை. எங்கள் படங்கள் செல்லப்பாவின் மேசையில் கிடந்த காலத்தோடு பார்த்தால் அது குறைவுதான். செல்லப்பாவோ தினமும் வேலியோரம் போய்த் தொண்டையைக் கனைத்துவிட்டு வந்தார்.

பதினைந்தாம் நாள் சிவப்பு மையில் பதில் வந்தது: 'அரை அடி அனுமதிக்கப்படுகிறது. நிபந்தனை: குசினி ஜன்னல் திறக்கப்படும். ஆட்சேபனை இல்லையென்று ஐயா கையெழுத்திட வேண்டும்.'

கையெழுத்தோடு நிற்காமல், கல்லை இடிக்கச் சுத்தியலோடு தானே போனார் செல்லப்பா.

தளம் காய்ந்து டோம் ஏறிய முதல் நாள் காலை நானும் போயிருந்தேன். வெளியே தூறல். உள்ளே புஷ்பம் அந்தூரியங்களுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, பூவைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார். வேலியை வெட்டிய இடத்தில் குசினி ஜன்னல் திறந்தது. ருக்கியாவின் கை நீண்டது. டீக் கோப்பை டோமின் வாசல் வழியாக நேரே புஷ்பத்தின் கைக்கு வந்தது.

செல்லப்பா பழக்கதோஷத்தில் டேப்பை எடுத்து இடைவெளியை அளந்தார்.

"எத்தனைங்க?" என்றார் புஷ்பம்.

"சட்டப்படி பத்தாது," என்றார். டேப்பைச் சுருட்டிப் பைக்குள் போட்டுக்கொண்டு ஜன்னல் பக்கம் கையை நீட்டினார். "எனக்கும் ஒன்னு தாங்க, தங்கச்சி."